ஐஸ் உருகவில்லை

ஐந்து வருடம் நான் பெங்களூரில் மற்றவர்களுடைய எச்சிலைச் சேகரித்துச் சம்பளம் வாங்கினேன். என்ன வேலை என்று யாராவது கேட்டால் ‘மெடிக்கல் ரிசர்ச்’ என்று சொல்லிவிட்டு அதோடு நிறுத்திக்கொள்வேன். ஊரில் என் அம்மா மட்டும் ‘டாக்டர் மாதிரி’ என்று ஒரு வார்த்தை சேர்த்துக்கொள்வாள். வேதியியலில் ஒரு பட்டம், அதற்கு மேல் லேப் டெக்னீஷியன் டிப்ளமோ. இவற்றை வைத்துக்கொண்டு டாக்டர் மாதிரி ஆக முடியாது. டாக்டருக்குக் கீழே இருப்பவருக்குக் கீழே ஒரு ஸ்டூல் போட்டு உட்காரலாம். நான் உட்கார்ந்தேன்.

தொண்ணூறுகளின் கடைசி அது. ஈஜிபுராவில் அண்ணன் வாடகைக்கு இருந்த மாடி வீட்டில் இருந்தேன். ஒரு அறை, ஒரு சமையலறை, படிக்கட்டுக்குக் கீழே நான்கு வீட்டுக்குப் பொதுவாக ஒரு குளியலறை. அண்ணன் கம்பெனி வேன் ஓட்டினான். அண்ணி ஓசூர் ரோடு பக்கம் ஒரு கார்மென்ட்ஸில் தையல் மிஷினில் இருந்தார். கல்யாணமாகித் திருப்பத்தூரிலிருந்து வந்த மறு மாதமே வேலைக்குச் சேர்ந்தவர். என்னைவிட நாலு வயதுதான் மூத்தவர், ஆனால் வந்த நாள் முதல் என்னைப் ‘பாப்பா’ என்றுதான் கூப்பிட்டார். எனக்கு அந்த வீட்டில் ஒரு மூலையும் ஒரு தட்டும் கிடைத்ததற்குக் காரணம் அண்ணன் இல்லை, அண்ணிதான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்ல வாய் வராது.

எங்கள் ஆய்வின் தலைவர் ஒரு பேராசிரியர். சென்னைக்காரர், தமிழர். ஆனால் எங்களிடம் எப்போதும் ஆங்கிலம்தான். தமிழில் பேச ஆரம்பித்தால் ஏதோ காரியம் ஆக வேண்டியிருக்கிறது என்று அர்த்தம். நான் சேர்ந்த முதல் வாரம் ஒரு காகிதத்தை எடுத்துப் படம் போட்டு எனக்கு விஷயத்தை விளக்கினார். பயமோ கவலையோ வந்தால் சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் சுரப்பி ஒரு ஹார்மோனை விடுகிறது. கொஞ்ச நேரத்துக்கு அது நல்லது, ஓட வைக்கும், சண்டை போட வைக்கும். ஆனால் கவலை ஓயாவிட்டால் அதுவும் ஓயாது. அப்போது உடம்பின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் சக்தியைத் தயாரிக்கும் நுண்ணிய உறுப்புகள் பழுதாக ஆரம்பிக்கின்றன. வருகிற சர்க்கரையை எரிக்க முடியாமல் செல் திணறுகிறது. ரத்தக்குழாய் புண்ணாகிறது. சர்க்கரை நோய், பிரஷர், மாரடைப்பு எல்லாம் பிறகு வரிசையாக வருகின்றன. ‘முதல்ல களைச்சுப்போறது மனுஷன் இல்ல, செல்லு’ என்றார். அந்த ஒரு வாக்கியத்தைத் தமிழில் சொன்னார்.

எனக்கு அது மிகவும் பிடித்துப்போனது. அந்த அறிவியலில் பிழையில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அதைக் கையில் வைத்திருந்த எங்களிடம்தான் பிழை இருந்தது.

ஆய்வுக்கு இரண்டு கூட்டம் வேண்டும். மன அழுத்தம் உள்ளவர்கள் ஒரு கூட்டம், இல்லாதவர்கள் ஒரு கூட்டம். இரண்டு கூட்டத்தாருடைய எச்சிலையும் ரத்தத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். முதல் கூட்டம் கிடைப்பதில் சிரமமே இல்லை. வைட்ஃபீல்டில் சாஃப்ட்வேர் கம்பெனிகள் முளைத்துக்கொண்டிருந்த காலம். அங்கே ஒரு கம்பெனி தன் ஊழியர்களைக் கொடுக்கச் சம்மதித்தது. அவர்களுக்குத் தங்களுக்கு ஸ்ட்ரெஸ் இருப்பது தெரிந்திருந்தது, அதைச் சொல்லவும் தெரிந்திருந்தது. கேள்வித்தாளில் இடம் போதாமல் பின்பக்கத்திலும் எழுதிக் கொடுத்தார்கள். இரண்டாவது கூட்டத்துக்குத்தான் ஆள் தேட வேண்டியிருந்தது.

மீட்டிங்கில் பேராசிரியர் கேட்டார். எளிய வாழ்க்கை வாழ்கிறவர்கள் வேண்டும், டெட்லைன் இல்லாதவர்கள், கம்ப்யூட்டர் இல்லாதவர்கள், வேலை முடிந்தால் வீடு என்று போகிறவர்கள், அப்படி யாரைத் தெரியும் உங்களுக்கு என்று. நான் கையைத் தூக்கினேன். எங்கள் தெருவில் கார்மென்ட்ஸ் பெண்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்றேன். மீட்டிங்கில் நான் வாயைத் திறந்தது அதுதான் முதல் தடவை. அவர் என்னைப் பார்த்து ‘வெரி குட்’ என்றார். அந்த வெரி குட்டுக்காக என்ன வேண்டுமானாலும் செய்திருப்பேன், செய்யவும் செய்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுப் படிக்கட்டில் இருபது பெண்களுக்கு மேல் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரையும் சேர்த்தது அண்ணிதான். வீடு வீடாகப் போய், ‘நம்ம பாப்பா பெரிய லேப்ல இருக்குது, சும்மா வந்து கேக்கறதுக்கு பதில் சொல்லிட்டுப் போங்க’ என்று இழுத்து வந்திருந்தார். கேள்விகளை நான்தான் தமிழில் எழுதியிருந்தேன். நல்ல தமிழ். கேட்கிறவர்களுக்கு அது எப்படிப் படும் என்று நான் யோசிக்கவில்லை.

“வேலையிடத்துல யாராவது உங்களை அவமதிச்சு நடத்தறாங்களாக்கா?”

“சேச்சே. அதெல்லாம் ஒண்ணுமில்ல. சூப்பர்வைசரு திட்டுவான். பீஸு கொறஞ்சா மூஞ்சிலயே துணிய வீசுவான். அவ்ளோதான்.”

நான் ‘இல்லை’ என்ற கட்டத்தில் டிக் போட்டேன்.

“வேலை உங்க சக்திக்கு மீறிப் போற மாதிரி இருக்கா?”

“வேலைன்னா அப்டித்தான் இருக்கும். இல்லன்னா அதுக்குப் பேரு வேலையா?” என்று அந்தப் பெண் சிரித்தாள், எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே டிக் போட்டேன். கன்னடப் பெண் ஒருத்தி, எல்லாக் கேள்விக்கும் ‘ஏனூ இல்லா அக்கா’ என்றாள். எதிர்வீட்டுப் பாய் வீட்டுப் பெண் ‘குச் நை’ என்றாள். ஒண்ணுமில்ல, ஏனூ இல்லா, குச் நை. மூன்று மொழியிலும் ஒரே பதில். பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கும்போது எந்தப் பெண் தன் வீட்டுக் கஷ்டத்தை ஒரு காகிதத்துக்குச் சொல்வாள்? கஷ்டம் என்று சொன்னால் அது புருஷனைக் குறை சொன்னதாகிவிடும். இது எனக்குத் தெரியாதா? நானே அந்தப் படிக்கட்டில்தான் குடியிருந்தேன்.

அண்ணியிடம் கடைசியாகக் கேட்டேன். தூக்கம் எப்படி என்றேன். ‘படுத்தா பொணம்’ என்றார். களைப்பு? ‘எல்லாருக்கும் இருக்கறதுதான்.’ கொஞ்ச நாளாகத் தாகம் அதிகமாக இருக்கிறது, வெயிலாக இருக்கும் என்று அவராகவே சொன்னார். அதற்குக் கேள்வித்தாளில் கட்டம் இல்லை. அவர் வேலை செய்த இடத்தில் கழிப்பறைக்குப் போக டோக்கன் வாங்க வேண்டும். ஒரு வரிசை மிஷின்காரர்கள் எல்லாருக்கும் சேர்த்து இரண்டே டோக்கன். அதனால் தாகம் எடுத்தாலும் தண்ணீர் குடிக்காமல் வாயை மட்டும் நனைத்துக்கொள்வதாகச் சொன்னார். ஏதோ கெட்டிக்காரத்தனம் மாதிரிதான் சொன்னார். நான் படிவத்தை மடித்துப் பையில் வைத்தேன்.

அத்தனை பேரும் தேறிவிட்டார்கள். மன அழுத்தம் இல்லாதவர்கள் என்று. பேராசிரியர் அந்தத் தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இந்த நாட்டின் ஏழைகளிடம் ஏதோ ஒரு நிம்மதி இருக்கிறது என்று ஆங்கிலத்தில் சொன்னார். நானும் தலையை ஆட்டினேன்.

அடுத்தது எச்சில். காலையில் கண் விழித்த அரை மணி நேரத்துக்குள், பல் துலக்குவதற்கு முன், காபி குடிப்பதற்கு முன், ஒரு பஞ்சுத் துண்டை வாயில் ஊறவைத்துக் குழாயில் போட வேண்டும். அந்த ஹார்மோன் விழித்ததும் உச்சிக்குப் போகும், பிறகு இறங்க ஆரம்பிக்கும். ஆகவே விழித்த நேரம் மிக முக்கியம். படிவத்தின் முதல் கட்டமே அதுதான்: எழுந்த நேரம்.

லேபுக்கு வசதியான நாட்கள் செவ்வாயும் வியாழனும். எங்கள் தெருவுக்குத் தண்ணீர் வரும் நாட்களும் அவையே. தண்ணீர் நாலு மணிக்கு வரும், ஐந்தரைக்கு நின்றுவிடும். மூன்றே முக்காலுக்கே குடங்களை வரிசையில் போடாவிட்டால் அடுத்த தண்ணீர் நாள் வரை பக்கத்துத் தெருவில் பிச்சை எடுக்க வேண்டியதுதான். அந்த வரிசையில் நானும் நின்றேன். என் முன்னால் அண்ணி, பின்னால் அந்த ‘குச் நை’. சண்டை, தள்ளுமுள்ளு, குழாயடி வசவு எல்லாம் முடித்து, மாடி ஏறிக் குடங்களைச் சாய்த்து, அடுப்பு பற்றவைத்து, பிள்ளைகளுக்குச் சோறு கட்டிக்கொண்டிருக்கும்போது ஆறரை மணிக்குப் பஞ்சும் குழாயுமாக நான் அதே பெண்களின் வாசலில் போய் நிற்பேன்.

“எழுந்த நேரம் என்ன போடட்டும் அண்ணி?”

“ஆறுன்னு போடு பாப்பா. தண்ணிக்கு எழுந்திரிக்கிறதெல்லாம் ஒரு எழுந்திரிக்கிறதா?”

அவர்கள் எல்லாருக்கும் அப்படித்தான். தண்ணீர் பிடிப்பது நாளின் கணக்கிலேயே வராது, அதற்குப் பிறகுதான் நாள் தொடங்கும். அதனால் அவர்கள் சொன்னது பொய்யில்லை. எழுதிய நான்தான் பொய் எழுதினேன். நாலு என்று எழுதினால் அந்த எச்சில் குழாய் செல்லாது, இன்னொரு நாள் மறுபடியும் எடுக்க வேண்டும், ஏன் ஆள் சரியாகப் பிடிக்கவில்லை என்று கேள்வி வரும். ஆறு என்று எழுதினால் எல்லாம் சுமுகம். எல்லாருக்கும் ஆறு என்று எழுதினேன். ஒரு சிலருக்கு மட்டும் ஆறேகால் என்று போட்டேன், நம்பும்படியாக இருக்கட்டும் என்று.

கடைசியாக ஒரு சனிக்கிழமை ரத்தம். எங்கள் அறையில் பாயை விரித்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டு நானே எடுத்தேன். யாரும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்திருந்தார்கள். ரத்தத்தைக் குளிர்ச்சியில் வைத்துக் கொண்டுபோக வேண்டும் என்பது எங்கள் லேபின் விதி. எங்களிடம் ஃபிரிட்ஜ் கிடையாது. அண்ணி கீழே ஓனர் வீட்டம்மாவிடம் இரண்டு நாள் முன்னாலேயே கெஞ்சி, அவர்கள் ஃப்ரீஸரில் ஐஸ் பைகளை வைத்திருந்தார். வெளியே எடுத்தபோது செங்கல் மாதிரி இருந்தன. தெர்மகோல் பெட்டியில் குழாய்களை அடுக்கி, மேலேயும் கீழேயும் ஐஸ் வைத்து மூடினேன். பையில் மற்ற சாமான்களை நான் எடுத்துக்கொள்ள, பெட்டியை அண்ணிதான் தூக்கிக்கொண்டு படியிறங்கினார். அதில் அவர் ரத்தமும் இருந்தது. ஆட்டோவில் என் மடியில் வைத்துவிட்டு, விரல்களை உதறிக்கொண்டு, ‘ஜாக்கிரதையா போ பாப்பா, குலுக்காம போகச் சொல்லு’ என்றார். ஆட்டோக்காரரிடமும் ஒரு முறை சொன்னார். லேபில் பெட்டியைத் திறந்தபோது ஐஸ் வைத்தது வைத்தபடி இருந்தது.

முடிவுகள் வர இரண்டு மாதம் ஆயிற்று. எங்கள் தெருப் பெண்களின் ஹார்மோன் தாழ்ந்திருந்தது. எதிர்பார்த்தபடி, அமைதியானவர்கள். ஆனால் அவர்களுடைய ரத்தச் செல்களைப் பிரித்துப் பார்த்த சோதனை வேறு கதை சொன்னது. வைட்ஃபீல்டுக்காரர்களின் செல்கள் களைத்திருந்தன, அது எதிர்பார்த்தது. ஈஜிபுராப் பெண்களின் செல்கள் அவற்றைவிட மோசமாகக் களைத்திருந்தன. இருபத்தைந்து வயதுப் பெண்ணின் செல் ஐம்பது வயதுக்காரியின் செல் மாதிரி நடந்துகொண்டது.

சர்க்கரை அளவுகள் தனித் தாளில் இருந்தன. எங்கள் தெருத் தாளில் ஒரே ஒரு எண் மட்டும் தனியாக நின்றது. வெறும் வயிற்றில் இருநூறுக்கும் மேல். அது யாருடைய எண் என்று பார்க்க எனக்குப் பட்டியல் தேவைப்படவில்லை. குழாய்களில் ஒட்டிய லேபிள்கள் எல்லாம் என் கையெழுத்துதான்.

வைட்ஃபீல்டுக்காரர்களுக்கு அவரவர் முடிவை உறையில் போட்டு அனுப்பினோம். கம்பெனி ஏற்பாட்டில் ஒரு டாக்டர் உட்கார்ந்து ஒவ்வொருவருக்கும் விளக்கினார். இரண்டாவது கூட்டத்துக்கு அந்த ஏற்பாடு இல்லை. அவர்கள்தான் நன்றாக இருக்கிறவர்களாயிற்றே, என்னத்தை விளக்குவது?

பேராசிரியர் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். கவலையே இல்லாதவர்களின் செல் எப்படிக் களைக்கும்? அவருடைய வாதமே அடி வாங்கியது. மூன்றாம் நாள் எனக்குத் தாங்கவில்லை. அவர் அறைக்குப் போய் நின்றேன்.

“சார், அவங்க ஆறு மணிக்கு எழுந்திரிக்கல. நாலு மணிக்கு. அன்னிக்கெல்லாம் தண்ணி வர்ற நாள் சார். ஆறரைக்கு நான் போறப்ப அவங்க எழுந்து ரெண்டரை மணி நேரம் ஆயிருக்கும். அதான் ஹார்மோன் எறங்கி இருக்கு. அமைதியா இருக்கறதால இல்ல.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். ஒரு நிமிடம் அவர் முகத்தில் வெளிச்சம் வந்ததை நான் பார்த்தேன், அதை மறுக்க மாட்டேன். அவர் முட்டாள் இல்லை. அந்த ஒரு நிமிடத்தில் அவருக்கு எல்லாமே புரிந்துவிட்டது. அந்தப் பெண்கள்தான் முதல் கூட்டம் என்பதும், ஆய்வைத் தலைகீழாகத் திருப்பினால் அது உண்மையைச் சொல்லும் என்பதும். பிறகு அந்த வெளிச்சம் போய்விட்டது.

“ஃபார்ம்ல ஆறுன்னு இருக்கே. யார் எழுதினது?”

“நான்தான் சார்.”

அவர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். பிறகு தமிழில் பேசினார்.

“இங்க பாரும்மா. ஃபார்ம்ல தப்பா எழுதினேன்னு வெளிய தெரிஞ்சா அதுக்குப் பேரு வேற. உன் வேலை போயிடும், என் பேரும் கெட்டுடும். சாம்பிள் கெட்டுப்போறது யாருக்கும் நடக்கறதுதான். ஈஜிபுராலேர்ந்து ஆட்டோல வந்திருக்கே, ட்ராஃபிக், ஐஸ் உருகிடுச்சு. ஒரு லெட்டர் எழுதிக் குடு. அந்த க்ரூப்பை எடுத்துட்டு வேற ஆள் போட்டுக்கறேன்.”

“ஐஸ் உருகல சார்.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “உருகிடுச்சுன்னு எழுதிக் குடு” என்றார். குரலில் கோபமே இல்லை. எனக்கு நல்லது செய்கிற தொனிதான்.

“சார், அதுல ஒருத்தங்களுக்கு சுகர் ரொம்ப அதிகமா இருக்கு. எங்க அண்ணி.”

“கெட்டுப்போன சாம்பிள்ல வந்த நம்பரைச் சொல்லி ஒருத்தரை பயமுறுத்தறது சரியா? அதுவே அவங்களுக்கு ஒரு ஸ்ட்ரெஸ் இல்லையா?”

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். ரத்தம் வெயிலில் கிடந்தால் அதிலிருக்கும் செல்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். சர்க்கரை அளவு குறையும், ஒருபோதும் கூடாது. டிப்ளமோவில் முதல் வருடப் பாடம் இது. ஐஸ் உருகியிருந்தாலும்கூட அண்ணியின் எண் உண்மைதான், உண்மையில் அதற்கும் மேலே இருந்திருக்கும். பேராசிரியருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர் பேனாவை நீட்டினார். நான் வாங்கினேன்.

நாலு வரி ஆங்கிலத்தில் எழுதினேன். போக்குவரத்து நெரிசலில் தாமதமானதால் ஐஸ் முழுவதும் உருகிவிட்டது, மாதிரிகள் சோதனைக்குத் தகுதியானவை அல்ல, இதற்கு நானே பொறுப்பு. கையெழுத்துப் போட்டேன். என் வேலை தற்காலிகமானது, அந்த மாதக் கடைசியோடு முடிவதாக இருந்தது. இரண்டு வாரத்தில் மூன்று வருட நீட்டிப்பு ஆணை வந்தது. நான் அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டேன். நான் கும்பிட்ட கையை இப்போது நினைத்தாலும் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

கடிதம் கொடுத்த அன்று சாயங்காலம் அண்ணி கேட்டார். கார்மென்ட்ஸிலிருந்து வந்து, முகம்கூடக் கழுவாமல், இரண்டு செம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு.

“இன்னா பாப்பா, எங்க ரத்தம் இன்னா சொல்லுச்சாம்? ரெண்டு மாசமாச்சு.”

சொல்லியிருக்கலாம். ‘அண்ணி, வேறு இடத்தில் ஒரு தடவை பார்த்துவிடலாம்’ என்றாவது சொல்லியிருக்கலாம், அதற்கு எந்தக் கடிதமும் குறுக்கே நிற்காது. ஆனால் அவரிடம் சொன்னால் தெரு முழுக்கத் தெரியும். மற்றவர்களும் வந்து எங்களுக்கு என்ன என்று கேட்பார்கள். ஒருத்தி லேபுக்கே வந்துவிட்டால்? ஆணை இன்னும் கைக்கு வரவில்லை. வரட்டும், அடுத்த மாதம் நானே எங்கேயாவது கூட்டிக்கொண்டு போய்க் காட்டிவிடுவேன் என்று நினைத்துக்கொண்டேன்.

“ஒண்ணுமில்ல அண்ணி. எல்லாம் நல்லா இருக்கு” என்றேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. மறு நாளே தெருவில் சொல்லிவிட்டார். அடுத்த மாதம் வந்தது, அதற்கடுத்ததும் வந்தது. ஒவ்வொரு மாதமும் சொல்வது முந்திய மாதத்தைவிடக் கஷ்டமானது. ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்ற கேள்வி ஒவ்வொரு மாதமும் பெரிதாகிக்கொண்டே போனது. இதைக் கோழைத்தனம் என்று சொல்வார்கள். எனக்கு வேறு பெயர் தெரியவில்லை.

அந்த மூன்று வருடம் அண்ணி இளைத்தார். ‘நல்லா சிக்குன்னு ஆயிட்டக்கா’ என்று தெருவில் பொறாமைப்பட்டார்கள். களைப்பாக இருக்கிறது என்று எலுமிச்சம்பழச் சாற்றில் சர்க்கரையை அள்ளிப் போட்டுக் கரைத்துக் குடிப்பார். நான் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு முறை வாய் வரை வந்து, ‘அண்ணி, சர்க்கரையக் கொஞ்சம் கொறைங்களேன்’ என்றேன். ‘ஏன், வெல ஏறிடுச்சா?’ என்று கேலி செய்தார். ஊசியில் நூல் கோக்கக் கண் மங்குகிறது என்றார், லைட்டு சரியில்லை என்று அவரே காரணமும் சொன்னார். அண்ணன் ஒருநாள், டாக்டரிடம் போய்க் காட்டிவிட்டு வா என்று சொன்னபோது அவர் சொன்ன பதில் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. ‘எதுக்கு தண்டமா? நம்ம பாப்பாவே ரத்தம் எடுத்துப் பாத்து ஒண்ணுமில்லன்னு சொல்லிடுச்சே. பெரிய லேப்ல பாத்ததுக்கு மேல இவனுங்க இன்னாத்த பாக்கப்போறானுங்க?’ நான் சமையலறையில் இருந்தேன். வெளியே வரவில்லை.

இதற்கிடையில் ஆய்வு முடிந்தது. எங்கள் தெருப் பெண்களுக்குப் பதிலாக மருத்துவ மாணவர்களைப் போட்டுக்கொண்டார்கள். முடிவு அழகாக வந்தது. ஒரு கருத்தரங்கில் பேராசிரியர் பேசும்போது பின்வரிசையில் நானும் உட்கார்ந்திருந்தேன். நவீன வாழ்க்கை நம் செல்களை எப்படிக் களைக்க வைக்கிறது என்று படம் போட்டுக் காட்டினார். அந்தப் படத்தில் ஒரு மனிதன் கம்ப்யூட்டர் முன்னால் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தலையில் இரண்டு குடம், இடுப்பில் ஒன்றுமாக மாடி ஏறுகிற பெண் அதில் இல்லை. அந்த வைட்ஃபீல்டு கம்பெனி ஊழியர்களுக்கு ஓய்வறை கட்டி, யோகா ஆசிரியரை வைத்ததாகக் கேள்விப்பட்டேன். நல்லதுதான். அவர்களுடைய கஷ்டமும் கஷ்டம்தான். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. கோபம் எல்லாம் வேறு இடத்தில் இருக்கிறது, அதில் பாதிக்கு மேல் நானே வைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஒரு மார்ச் மாதம் அண்ணியின் இடது காலில் செருப்பு கடித்தது. கடித்தது அவருக்குத் தெரியவே இல்லை. மிஷினுக்குக் கீழே மிதிபலகையை மிதித்துக்கொண்டே இருந்திருக்கிறார். துணியில் கறை பட்டிருக்கிறது என்று சூப்பர்வைசர் திட்டியபோதுதான் குனிந்து பார்த்தாராம். மஞ்சள் பற்று, பிறகு கடைத்தெரு மருந்துக்கடைக் களிம்பு, பிறகு காய்ச்சல். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனபோது பெருவிரலும் பக்கத்து விரலும் கறுத்துவிட்டிருந்தன. இரண்டையும் எடுத்தார்கள். காலையே எடுக்க வேண்டி வரலாம், பார்க்கலாம் என்றார்கள். கண்ணில் விழித்திரையிலும் ரத்தம் கசிந்திருந்தது.

வார்டில் ஒரு இளம் டாக்டர் வந்து கட்டிலின் அருகே நின்று கன்னடத்தில் கேள்விகள் கேட்டு எழுதிக்கொண்டார். அண்ணிக்குக் கன்னடம் தண்ணீர் பட்ட பாடு, மளமளவென்று பதில் சொன்னார். இதற்கு முன்னால் எப்போதாவது சுகர் பார்த்திருக்கிறீர்களா என்று அவர் கேட்டார்.

“பார்த்திருக்கேனே” என்று அண்ணி தலையணையிலிருந்து தலையைத் தூக்கி, என்னைக் கை காட்டினார். “நம்ம பாப்பா பெரிய லேப்ல வேல செய்யுது. அதுவே எடுத்துப் பார்த்துச்சு. ஏனூ இல்லா அந்த ஹேளித்ரு, ஒண்ணுமில்லன்னு.”

அந்தப் படுக்கையில் கிடந்தும் அவர் குரலில் பெருமை இருந்தது. டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். எப்போது என்று கேட்டார். மூன்று வருடம் இருக்கும் என்றேன். அவர் அதையும் எழுதிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

அன்று அண்ணியிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் நான் ஆஸ்பத்திரிக்கே போயிருந்தேன். வழியெல்லாம் வாக்கியங்களை அடுக்கிக்கொண்டு போனேன். ‘அண்ணி, அன்னைக்கே எனக்குத் தெரியும்’ என்று ஆரம்பிப்பதாக இருந்தேன். ஆனால் வாயைத் திறந்ததும் மூன்று வருடமாகப் பழகிப்போனதுதான் வெளியே வந்தது.

“அண்ணி, அன்னிக்கு எடுத்தோமே அந்த ரத்தம்... லேப்புக்குப் போறதுக்குள்ள ஐஸ் உருகிடுச்சு அண்ணி. ட்ராஃபிக். அதனால ரிசல்ட்டு சரியா வரல. எனக்கு அப்ப தெரியல.”

அண்ணி என்னையே பார்த்தார். கண் மங்கிய பிறகு அவர் யாரைப் பார்த்தாலும் அப்படித்தான், நெற்றியைச் சுருக்கிக்கொண்டு பார்ப்பார். கட்டுப் போட்ட காலைச் சற்று நகர்த்தி வைத்துக்கொண்டார்.

“உருகலையே பாப்பா” என்றார். “பொட்டிய நான்தான தூக்கினேன். ஆட்டோல வெக்கிறதுக்குள்ள எனக்கு வெரலெல்லாம் வெறச்சுப்போச்சு. நீ வேற, சாயங்காலம் வந்து, அண்ணி, வெச்சது வெச்சபடி இருந்துச்சுன்னு சொல்லிச் சிரிச்சியே. மறந்துட்டியா?”

பக்கத்துக் கட்டில்காரி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணி பதிலுக்காகக் காத்திருந்தார்.

“ஆமா அண்ணி” என்றேன். “மறந்துட்டேன்.”